தோளுக்கு மேலே ஒரு கைப்பிடிக் கொழுந்து

தேயிலை பறிக்கிறவள் தன் கூடையைப் பார்ப்பதே இல்லை. கூடை முதுகில் கிடக்கும். அதன் கயிறு உச்சந்தலையில் மடித்து வைத்த துணிமேல் அழுந்தியிருக்கும். கண்ணுக்கு முன்னால் செடி, இரண்டு கையிலும் கொழுந்து. கை நிறைந்ததும் யோசிக்காமல் தோளுக்கு மேலே பின்பக்கம் வீசுவாள். அது கூடைக்குள் போய் விழும். விழுந்ததா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இலைமேல் இலை விழுகிற சத்தம் மட்டும் காதில் பட்டுக்கொண்டிருக்கும். வண்டிப்பெரியாருக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் தாவணி போடுவதற்கு முன்பே அந்தச் சத்தத்துக்குப் பழகியவள் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் என் வலது கை அந்த வீச்சை மறந்துபோனது.

மறந்துபோனது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. கை இருந்தது. விரல்கள் இருந்தன. எப்போதும்போல வேகமாகக் கிள்ளவும் செய்தன. தோள் மட்டும் பூட்டிக்கொண்டது.

காரணம் ஒரு பழைய தழும்பு. நடக்கப் பழகிய வயதில் கொதிக்கிற கஞ்சிப் பானையைச் சாய்த்துக்கொண்டேனாம். வலது தோளுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து சுருங்கியிருந்தது. கூடையின் விளிம்பு தினமும் சரியாக அங்கேதான் உராயும். தோல் உரியும், ஆறும், மறுபடி உரியும். கல்யாணமாகிச் சில வருஷங்களுக்குப் பிறகு ஒருமுறை அது ஆற மறுத்துவிட்டது. எஸ்டேட் டிஸ்பென்சரிக் கம்பவுண்டர் ஊதா மருந்தைப் பூசிப் பூசி என் ரவிக்கைகளையெல்லாம் ஊதாவாக்கினதுதான் மிச்சம். புண்ணின் ஓரம் தடித்து மேலே எழும்பியது. தொட்டால் ரத்தம் கசிந்தது. கடைசியில் எஸ்டேட் டாக்டர் ஒருநாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குமுளி தாண்டி மலை இறங்க இறங்க மூடுபனி கலைந்து வெயில் உறைத்தது. சும்மாவே அவர் பேச்சு குறைவு. அன்று நாக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

பெரிய டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "தோல்ல வந்திருக்கிற புத்துநோய் இது. பழைய தீக்காயத் தழும்புல சில பேருக்கு இப்படி வரும். இன்னும் உள்ளே பரவலை. வெட்டி எடுத்துட்டுத் தொடையிலிருந்து தோலை எடுத்து அங்கே வெச்சுத் தைக்கணும்."

"கை இருக்குமா சார்?" என்று கேட்டேன். உயிர் இருக்குமா என்று கேட்கத் தோன்றவில்லை.

"இருக்கும்" என்றார்.

மூக்கில் துணி வைத்து மயக்க மருந்து விட்டார்கள். தித்திப்பான, குமட்டுகிற வாசம். அதன் வழியாக எங்கேயோ இறங்கினேன். இறங்கினால், மலைமேல் இருக்கிறேன். எங்கள் மலைதான். ஆனால் செடி வெள்ளை, பாதை வெள்ளை, என் கை வெள்ளை. நிரையில், அந்தச் செடி வரிசையில், நான் ஒருத்திதான். கிள்ளிக் கிள்ளி வீசுகிறேன். கொழுந்து விழுகிற சத்தமே வரவில்லை. கூடை கனக்கவும் இல்லை. அதற்காக எனக்குக் கவலையும் இல்லை. வீசிக்கொண்டே இருக்கிறேன், கை அவ்வளவு லேசாகப் போய்வருகிறது. கண் விழித்தபோது அந்தக் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தொடை தீயாக எரிந்தது. என் கூடையை யார் எடுத்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தேனாம்.

"கூடையொண்ணும் ஆரும் எடுத்துக்கிட்டுப் போகல்ல, சமாதானமாயிட்டுக் கெடந்துக்கோ" என்றாள் மலையாளத்து நர்ஸ். சிவந்த கண், பெரிய கை. வார்டில் எல்லாரும் அவளுக்குப் பயப்படுவார்கள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

கட்டைப் பிரித்த அன்று அவள்தான் கண்ணாடி பிடித்துக் காட்டினாள். என் தோளில் மினுமினுப்பாக, வெளுப்பாக, ஓரத்தில் தையல் போட்ட ஒரு தோல். பிடித்துக்கொண்டுவிட்டது என்றார்கள். வீட்டுக்காரர் பார்க்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நர்ஸ் அந்தண்டை போனதும் குனிந்து என் காதில், "ஏளா, இனிமே ஒந் தோளத் தொட்டா தொடையத் தொட்ட கணக்கா?" என்றார். இவ்வளவு நாள் பேசாமல் இருந்த மனுஷன் பேசின முதல் பேச்சு அது. நான் சிரித்த சிரிப்பில் தையல் இழுத்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கையைச் சும்மா வைக்கக்கூடாது என்றார். நர்ஸ் என்னைச் சுவரோரம் நிறுத்தினாள். தன் விரல்களைச் சுவரில் வைத்து, பல்லி ஏறுகிற மாதிரி மெல்ல மெல்ல மேலே நடத்திக் காட்டினாள். "இதுபோலே. தெவசமும். வேதனிக்கும். வேதனிச்சாலும் நிறுத்தக்கூடாது."

சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய குடியிருப்பில், வீட்டுக்கு வீடு ஒரே சுவர்தான். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். பக்கத்து வீடு என் அண்ணனுடையது. அண்ணன் பொண்டாட்டி, என் மதினி, மலையில் எனக்கு அடுத்த நிரைக்காரியும்கூட. பஸ்ஸை விட்டு இறங்கி வந்த என்னைப் பார்த்ததும் மதினி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆளத் தொடங்கினாள்.

பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் லயத்துக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள், ஒருத்தி மசாலா அரைத்தாள். மதினி எனக்குத் தலை வாரினாள், ரவிக்கைக்குக் கொக்கி போட்டாள், சோற்றை உருட்டி இடது உள்ளங்கையில் வைத்தாள். பழைய வேட்டியைக் கிழித்து வலது கையை உடம்போடு சேர்த்துச் சுற்றிவிட்டாள். நர்ஸ் சொன்னதை நான் சொன்னபோது அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அவளுக்கென்ன, சொவத்துல ஏறச் சொல்லிட்டு அவ பாட்டுக்குப் போயிருவா. வச்சுத் தைச்ச தோலு பிஞ்சு வந்தா அவளா இங்க வந்து நிக்கப் போறா?"

ஒரே ஒருமுறை முயன்று பார்த்தேன். விரல் சுவரில் சிறிது ஏறியதுமே தோளில் புதுத்துணி கிழிகிற மாதிரி ஓர் இழுப்பு. அலறிவிட்டேன். வீட்டுக்காரர் ஓடிவந்து, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி என் கையைத் தாங்கிக் கீழே இறக்கினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சுவரைப் பற்றிப் பேசவில்லை.

அந்த நாட்கள் எனக்குக் கனவு மாதிரிதான் நினைவிருக்கின்றன. காலையில் எல்லாரும் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன பிறகு லயம் அமைதியாகிவிடும். மூடுபனி வாசல் வரை வந்து, உள்ளே வரலாமா என்று நிற்கும். பேக்டரியில் வாடுகிற இலையின் வாசம் காற்றில் வந்து வந்து போகும். கட்டிய கையோடு சாய்ந்து படுத்து, தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று தெரியாமல் கிடப்பேன். எழுந்திருக்கவே மனம் வராது. அவ்வளவு சுகமாக இருந்தது.

மழைக்காலம் தொடங்கியதும் மறுபடி மலைக்குப் போனேன். கூடையை மாட்டி, கம்பளியைப் போர்த்தி, என் நிரையில் நின்றேன். விரல்கள் நன்றாகக் கிள்ளின. கை நிறைந்தது. வீசினேன். கொழுந்து அவ்வளவும் என் கழுத்தில் விழுந்து ரவிக்கைக்குள் இறங்கியது. அடுத்தது காதில் அடித்துத் தரையில் சிதறியது. நிரையில் எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தர் பின் ஒருத்தராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். சிரித்தது பரவாயில்லை, நிறுத்தியதுதான் எனக்கு ஆகவில்லை. கை மார்பு உயரத்துக்கு மேலே போக மாட்டேன் என்றது. கிள்ளியதை மடியில் ஒதுக்கிக்கொண்டேன்.

மதினி செடிகளைத் தாண்டி வந்தாள். என் மடியில் ஒதுக்கியிருந்த கொழுந்தை எடுத்து என் கூடையில் போட்டாள். கூடவே தன் கையில் இருந்ததையும் போட்டாள்.

மலையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைத்தாய்ச்சிக்கோ காய்ச்சலோடு வந்தவளுக்கோ, பக்கத்தில் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி அவள் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். யாரும் கேட்கமாட்டார்கள், யாரும் நன்றி சொல்லமாட்டார்கள். அதை எனக்கும் செய்தார்கள். பனி இறங்கிய நேரத்தில் பக்கத்துச் செடிகூடத் தெரியாது. நான் குனிந்து கிள்ளிக்கொண்டிருப்பேன். என் முதுகுக்குப் பின்னால் கொழுந்து விழுகிற சத்தம் கேட்கும். யார் போட்டது என்று தெரியாது. சற்றுப் பொறுத்து மறுபடி கேட்கும். நான் ஒன்றும் செய்யாமலே கூடை மெல்ல மெல்லக் கனக்கும். மதியம் தராசில் என் கொழுந்தும் மற்றவர்களுடையதைப் போலவே நிற்கும். எனக்கு மட்டும், அங்கே வேலை செய்வது வேறு யாரோ என்று இருக்கும்.

நோய் திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லியிருந்தார்கள், போனோம். டாக்டர் தோளை அழுத்தி, அக்குளைத் தடவி, நோயின் சுவடே இல்லை என்றார். வைத்த தோலும் அருமையாக இருக்கிறதாம். வீட்டுக்காரர் அங்கேயே கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு டாக்டர், "கையைத் தூக்குங்க" என்றார். தூக்கினேன். மார்பு வரை வந்து நின்றது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் வருது சார்."

அவர் குரல் மாறிவிட்டது. "தோலைக் காப்பாத்துறதா நெனச்சுத் தோள்மூட்டைப் பூட்டிட்டீங்களே. மயக்கம் கொடுத்து நான் கையை முறுக்கித் தூக்கினா, வெச்ச தோல் பிஞ்சாலும் பிஞ்சிரும். நீங்களேதான் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். இப்பவும் விட்டுட்டீங்கன்னா அப்புறம் இது இப்படியே நின்னுரும்."

நர்ஸ் என்னைத் திட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றவள், "அவிடெ சுவரொண்ணும் இல்லயோ?" என்று மட்டும் கேட்டாள். மலை ஏறுகிற பஸ்ஸில் அதை நினைத்து நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பி வந்த மறுநாள் கங்காணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வயதான மனுஷர், எங்கள் அப்பாவோடு ஒரே ஊரிலிருந்து மலை ஏறி வந்தவர். என் கூடையில் கையை விட்டுக் கொழுந்தைக் கிளறினார்.

"இதுல ஒன் கிள்ளு கொஞ்சம், மத்தவ கிள்ளு நெறைய. காம்பப் பாத்தாத் தெரியாதா தாயி எனக்கு? நான் கண்ண மூடிக்கிடுவேன். சூப்பர்வைசர் மூட மாட்டாரு. மழை விட்டதும் ஒன்னயப் பிள்ளைக் கொட்டகைக்கு அனுப்பச் சொல்லிட்டாரு."

வேலைக்குப் போகிற தாய்மார்களின் குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிற கொட்டகை அது. குழந்தைகள் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. ஆனால் அங்கே போன எந்தப் பெண்ணும் மலைக்குத் திரும்பி வந்ததில்லை. கை விளங்காதவள், கண் தெரியாதவள், இனி ஆகாது என்று ஒதுக்கப்பட்டவள் போகிற இடம். புற்று என்று சொன்னபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. மழை விடுவதற்குள் இந்தக் கை தோளுக்கு மேலே போகவேண்டும், இல்லையென்றால் என் நிரை எனக்கு இல்லை.

சுவரில் ஏறத் தொடங்கினேன். விடிந்ததும் ஒரு தடவை, வேலை விட்டு வந்ததும் ஒரு தடவை. எங்கள் அடுப்படிச் சுவர் புகை படிந்து கறுத்திருக்கும். விரல் ஏறின தடம் கரியில் அப்படியே விழும். நேற்றைய தடத்தைத் தாண்டுகிற இடத்தில்தான் உயிர் போகும். பல்லைக் கடித்தாலும் முனகல் வெளியே வந்துவிடும். வீட்டுக்காரருக்கு அதைப் பார்க்கிற தைரியம் கிடையாது. குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய் நிற்பார். குடம் நிரம்பி வழிந்தாலும் வரமாட்டார்.

இது ஒரு பக்கம் என்றால், மலையில் கூடை தானாக நிறைந்துகொண்டிருந்தது. கூடை நிறைகிறவரைக்கும் கைக்கு வீச வேண்டிய தேவையே இல்லை. இனி போடாதீர்கள் என்று நல்லவிதமாகச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போட்டார்கள். கொஞ்சம் காரமாகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போட்டார்கள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வருமென்று ஊருக்கே தெரியும், யாரும் சட்டை செய்யவில்லை. ஒருநாள் பின்னால் கொழுந்து விழுந்த சத்தம் கேட்டதும், விருட்டென்று கூடையைக் கழற்றி அப்படியே பாதைச் சேற்றில் கவிழ்த்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால், நின்றது மதினி.

சேற்றில் கிடந்த கொழுந்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதில் பாதி அவள் பறித்தது. "எங்க கைபட்ட கொழுந்து ஒனக்கு ஆகாமப் போச்சோ?" என்றாள். குரல் உயரவே இல்லை. தன் நிரைக்குத் திரும்பிப் போய்விட்டாள். அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். அவள் நிறுத்தியதும் மற்றவர்களும் கொழுந்து போடுவதை நிறுத்தினார்கள். நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு தராசில் என் கூடை தூக்கிய தூக்கில் மேலே எழும். கங்காணி வேறு பக்கம் பார்ப்பார். காலையில் நான் சுவரில் முனகும்போது சுவருக்கு அந்தப் பக்கம் மதினியின் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும். நான் முடித்துக் கையை இறக்கிய பிறகுதான் மறுபடி பாத்திரம் உருளும். தோள் வலிக்காகவும் அழுதேன், அதற்காகவும் அழுதேன். போய் இரண்டு வார்த்தை பேச என் வீம்பு விடவில்லை.

கை காதுவரைக்கும் வந்தது. அங்கே நின்றது. வீசினால் கொழுந்து தலைக் கயிற்றில் தட்டிக் கீழே விழும். பொறுக்குவேன், மறுபடி வீசுவேன், மறுபடி பொறுக்குவேன். மழை இடைவெளி விட்டுப் பெய்யத் தொடங்கியது. மேற்கே வானம் சில நாள் நீலமாகவே தெரிந்தது. அதைப் பார்த்து மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

அப்படி ஒரு நாள் பனி மலையை முழுதாக மூடிக்கொண்டது. செடி இருக்கிற இடம் கைக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தங்கள்கூட எங்கோ ஆழத்திலிருந்து வந்தன. நான் மலையில் இருக்கிறேனா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இன்னும் கண் விழிக்காமல் கிடக்கிறேனா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கை தன் பாட்டுக்குக் கிள்ளிக்கொண்டிருந்தது. மனம் எங்கோ போய்விட்டது. என்ன நினைத்தேன் என்பதே இப்போது நினைவில்லை.

பின்னால் கூடையில் கொழுந்து விழுந்தது.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அவ்வளவு சொல்லியும், அவ்வளவு நடந்தும், மதினி பனியில் ஒளிந்து வந்து போடுகிறாளே என்று, வாயில் திட்டோடு திரும்பினேன். யாரும் இல்லை. பனிதான். ஓடியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி குனிந்து கிள்ளினேன். கை நிறைந்தது. மறுபடி அந்தச் சத்தம். சட்டென்று திரும்பினேன். மறுபடியும் யாரும் இல்லை. அப்போதுதான் என் வலது கையைப் பார்த்தேன். அது வெறுங்கையாக, காதுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

கூடையைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஓரமாகச் சிறிது கொழுந்து. ஒவ்வொன்றும் என் கிள்ளு.

"மதினீ!" என்று கத்தினேன்.

வெகு தூரத்தில், மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. "என்னட்டி? விழுந்துட்டியா? எங்கெ இருக்க?" பேசாதிருந்ததை அவள் மறந்துவிட்டாள். செடிகள் முறிகிற சத்தமும் அவள் மூச்சிரைக்கிற சத்தமும் நெருங்கி வந்தன. பனியிலிருந்து முதலில் அவள் கூடையும் பிறகு முகமும் வெளியே வந்தன. காலெல்லாம் செடி கீறியிருந்தது. "தோலு பிஞ்சிருச்சாட்டி? காட்டு, காட்டு" என்றாள்.

கூடையை மாட்டிக்கொண்டேன். ஒரு கைப்பிடி கிள்ளினேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோளுக்கு மேலே வீசினேன். பாதி கூடைக்குள் போனது, மீதி பக்கத்தில் நின்ற அவள் தலையிலும் தோளிலும் விழுந்தது.

மழை விட்ட பிறகும் அதே நிரையில்தான் நான் நின்றேன், அதற்குப் பிறகு பல வருஷம் நின்றேன். கை முழுசாக நிமிரவே இல்லை. வீசுகிற அளவுக்கு வந்தது, அது போதும். மதினியும் நானும் அதற்கப்புறம் எத்தனையோ தடவை சண்டை போட்டுச் சமாதானமானோம். ஆனால் அன்றைக்குப் பனியில் அவள் செய்ததை நான் இன்னும் மறக்கவில்லை. தன் தலையில் விழுந்த என் கொழுந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையில் சேர்த்தாள். பழக்கத்தில் அந்தக் கை என் கூடைப் பக்கம் நீண்டது. பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு, தோளுக்கு மேலே, அதைத் தன் கூடைக்குள் போட்டுக்கொண்டாள்.